தம்பி மனைவியின் மேட்சர்

என் தம்பி மனைவிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். புதுச்சேரியில் நான் டெஸ்டராக இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்னொரு ஆள் வேண்டும் என்றார்கள். அவள் பிரம்மதேசம் என்ற கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். எங்கள் டீம் லீடிடம் சொன்னேன், சேர்த்துக்கொண்டார். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் நான் மரக்காணத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். ஆக, வீட்டிலும் அவள், பஸ்ஸிலும் அவள், ஆபீஸில் பக்கத்து நாற்காலியிலும் அவள்.

லாரி வைத்திருப்பவர்களுக்கான ஆப் ஒன்றை எங்கள் கம்பெனி செய்கிறது. சரக்கை ஏற்றும்போது ஒரு எடை போடுவார்கள், இறக்கும்போது இன்னொரு எடை. உப்பு லோடு என்றால் வழியில் கொஞ்சம் குறையும். கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, நிறையக் குறைந்தால் ஆப் எச்சரிக்க வேண்டும். அது ஒழுங்காக எச்சரிக்கிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் டெஸ்ட்களை எழுதுவது என் வேலை. வந்த விடை நாம் நினைத்த விடையோடு பொருந்துகிறதா என்று டெஸ்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதற்கு மேட்சர் என்று பெயர். சமமா, பெரியதா என்றெல்லாம் கேட்கும் மேட்சர்கள் ரெடிமேடாகக் கிடைக்கும். உப்பு லோடுக்கென்று எதுவும் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு எடையிலிருந்து இன்னொன்றைக் கழித்து, வரம்புக்குள் இருந்தால் 'ட்ரூ' என்று வரும்படி நான் எழுதியிருந்தேன். அதையே எல்லா ஃபைல்களிலும் காப்பி எடுத்துப் போட்டிருந்தேன். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் கீழ்புத்துப்பட்டு தாண்டி எங்கள் பஸ் ஓர் உப்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"அண்ணி, அந்த லாரியில ஏன் தண்ணி ஒழுவிக்கினே போவுது?" என்று கேட்டாள்.

"உப்பு வடியுது. ஈரத்தோடதான் ஏத்துவாங்க."

"அப்ப அதனாலதான் எடை கொறையுதா?"

"பின்ன?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். மேலே தெறித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என் டெஸ்ட் ஒன்று ஃபெயிலானது. 'ட்ரூ எதிர்பார்த்தேன், ஃபால்ஸ் வந்தது' என்று ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த லோடு, எவ்ளோ கொறைஞ்சிதுன்னு இதுல ஒண்ணுமே தெரியலையே அண்ணி."

"உள்ள போய்ப் பாரு, தெரியும்" என்றேன்.

அவள் உள்ளே போய்ப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. அந்த வாரமே சொந்தமாக ஒரு மேட்சரை எழுதி டீமின் பார்வைக்கு வைத்துவிட்டாள். இறக்கியதும் ஏற்றியதும் ஒரே லோடாக இருக்க வேண்டும் என்று வாக்கியம் போலவே வாசிக்கலாம். பொருந்தாவிட்டால் வெறும் ஃபால்ஸ் இல்லை. ஏற்றியது இவ்வளவு, இறக்கியது இவ்வளவு, வழியில் வடியக்கூடியதை விட அதிகம் குறைந்திருக்கிறது என்று விவரமாகச் சொல்லும். வடிகிற கதை என் வாயிலிருந்து போனது. உப்பளத்துக்காரர் மகள் நான். எனக்குத் தோன்றாதது நெல் வயலிலிருந்து வந்தவளுக்கு ஒரு பஸ் பயணத்தில் தோன்றிவிட்டது.

மாற்றங்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்த வரிகள் பச்சையிலும் தெரியும். ஃபைலுக்கு ஃபைல் சிவப்பெல்லாம் நான் எழுதியவை. பச்சையெல்லாம் அவளுடையவை.

"சூப்பர்மா! இது மாதிரிதான் நமக்கு வேணும்" என்றார் லீட். என்னைப் பார்த்து, "நல்ல ஆளா கூட்டினு வந்தீங்க" என்று வேறு சொன்னார். சிரித்துவைத்தேன்.

வீட்டில் அதைவிட மோசம். என்ன செய்தாள் என்று அப்பாவுக்குப் பாதி புரிந்ததோ இல்லையோ, தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம் மருமவ கம்ப்யூட்டர்லயே உப்பு எடைய சரி பாக்குறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எத்தனை வருடமாக அதைத்தான் செய்கிறேன், அவர் ஒருவரையும் நிறுத்தியதில்லை. அம்மா மீன் குழம்பில் தலைத் துண்டை அவள் தட்டில் வைத்தாள். எனக்கு வால் பக்கம். வயிறு எரிந்தது. குழம்புக் காரம் என்று தண்ணீரைக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருக்க, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த மேட்சரில் எங்காவது ஓட்டை இருந்தே தீர வேண்டும். பூஜ்யம் கொடுத்துப் பார்த்தேன், எடையே கொடுக்காமல் பார்த்தேன். எல்லாவற்றையும் சரியாகவே பிடித்தது. கடைசியில் ஏற்றியதைவிட இறக்கியது அதிகம் என்று கொடுத்தேன். பச்சை டிக் விழுந்தது. லோடு வழியில் கனத்திருக்கிறது, அவள் மேட்சர் சரி என்கிறது! எவ்வளவு குறைந்தது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள், கூடினால் என்ன என்று பார்க்கவில்லை. மொட்டை மாடியில் தனியாக நின்று கைதட்டாத குறை.

வீட்டில் மூச்சுவிடவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸிலும் சொல்லவில்லை. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் என் ஸ்கிரீனைப் போட்டுக் காட்டினேன்.

"லோடு கூடினா பாஸ் ஆவுது. வழியில மண்ண கலந்தாகூட இது கண்டுபுடிக்காது."

அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன். "ஆமா அண்ணி, மறந்தே பூட்டேன்" என்றாள். லேப்டாப்பைத் திருப்பி, ஒரு வரியைச் சேர்த்து, எல்லா டெஸ்டையும் ஓட விட்டாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை ஃபைல்களும் சரியாகிவிட்டன.

லீட் மேஜையைத் தட்டினார். "பாத்தீங்களா? ஒரே எடத்துல மாத்தினா போதும். பழைய மாதிரி இருந்திருந்தா இன்னிக்கி ஃபுல்லா ஒக்காந்து மாத்தணும்."

பழைய மாதிரி என்றால் என் மாதிரி. குறை கண்டுபிடித்தது நான், கைதட்டல் அவளுக்கு. அன்று மாலை பஸ்ஸில் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தன் துப்பட்டாவை மடித்து ஜன்னல் கம்பிக்கும் என் தலைக்கும் நடுவில் வைத்தாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த சில நாட்கள் அவளோடு அளந்துதான் பேசினேன். பிறகு நானும் ஒரு மேட்சர் எழுதினேன். லாரி நம்பரை ஒருவர் இடம் விட்டு அடிப்பார், ஒருவர் நடுவில் கோடு போடுவார், ஒருவர் சின்ன எழுத்தில் அடிப்பார். எப்படி அடித்தாலும் ஒரே வண்டிதானா என்று என் மேட்சர் பார்க்கும். பொருந்தாவிட்டால் இரண்டு நம்பரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, எந்த எழுத்தில் வித்தியாசம் என்று அம்புக்குறி காட்டும். அவளுடையதில் அம்புக்குறி கிடையாது.

சரிபார்க்கும் பொறுப்பை லீட் அவளிடமே கொடுத்தார். அவள் ஒரு மதியம் முழுக்க அதை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் என் வேலையைப் பார்ப்பது போல அவள் ஸ்கிரீனையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"எப்டி எப்டியோ ஒடைக்கப் பாத்தேன் அண்ணி. ஒடையவே இல்ல. அந்த அம்புக்குறிய நானும் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ" என்றேன், பெரிய மனது பண்ணுவது போல. அவள் திரும்பிக்கொண்ட பிறகு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கா நான் இவ்வளவு சந்தோஷப்படுகிறேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.