எஜீதியோவின் பெயரில்லாத இசைத்தட்டு

என் கணவர் எஜீதியோவுக்கு ஜெனோவா நகரத்துப் பொது லிஃப்டுகளைப் பழுது பார்க்கும் வேலை. மேட்டுத் தெருக்காரர்களை ஏற்றி இறக்கும் அந்தப் பெட்டிகளில் எது நின்றாலும் இவர்தான் ஓட வேண்டும். வேலை முடிந்து வந்ததும் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். சாப்பிடத்தான் என்று நினைத்துவிடாதீர்கள், இசைத்தட்டைத் தொடுவதற்கு.

புரோகிரெசிவ் ராக், பரிசோதனை இசை என்று அதற்கு ஏதேதோ பெயர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும், நடுவில் ஒருவன் தகரத்தைத் தட்டுவான், புல்லாங்குழல் வரும், பிறகு ஒரு கதவு கிறீச்சிடும். இதில் எது பாட்டு, எது கோளாறு என்று நான் கேட்டால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். படுக்கையறை தவிர எல்லாச் சுவரிலும் தட்டுகள். என் தையல் மெஷின் குளியலறையில் குடியேறி எத்தனையோ வருஷமாகிறது.

அத்தனை தட்டுகளிலும் ராஜா ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்தது. உறையில் மீன் தலையோடு ஒரு கோழிப் படம். குழுவின் பெயர் இல்லை, பாட்டின் பெயர் இல்லை, தட்டின் நடுவில் ஒட்டிய காகிதம்கூட வெறும் வெள்ளை. எதையாவது அச்சடித்தால் வியாபாரி ஆகிவிடுவோம் என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயம். வேறு பிரதி யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதில் ஓர் ஆண் குரல். வார்த்தையே கிடையாது, கனத்து இழுத்து முனகிக்கொண்டே போகும். ஓரிடத்தில் விம்மும். அந்த விம்மலைக் கேட்பதற்கென்றே ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து, என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் பயந்துபோய்க் காபி போட்டுக் கொடுத்தேன்.

எஜீதியோ அந்தக் குரலை 'அவன்' என்றுதான் சொல்வார். ஒரு தடவை, அவரோடு வேலை பார்த்த நண்பர் லிஃப்ட் குழியில் விழுந்து செத்துப்போனார். அடக்கத்தில் எஜீதியோ கண்கூடக் கலங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் தட்டைப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரல்மேல் எனக்குப் பொறாமை. தாலி கட்டாத சக்களத்தி என்று ஒருத்தி இருந்தால்கூடக் கொண்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். இவனை என்ன செய்வது?

"பேசாம அவன்கூடவே குடித்தனம் நடத்தேன்" என்றேன் ஒரு நாள்.

"கேலி பண்ணாதே மிரெல்லா. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அவன்."

"உன்கிட்ட வந்து சொன்னானா?"

"குரல்லயே தெரியுதே."

இவரைப் போன்றவர்கள் கூடுகிற வியாழக்கிழமைக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. மருந்துக்கடை ஃபூரியோ அதற்குத் தலைவர். துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் பின்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். தட்டு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால்கூட வெளியே போய்த்தான் இரும வேண்டும். அத்தனை பேர் வீட்டிலும் எஜீதியோ பதிவு பண்ணிக் கொடுத்த கேசட்டில் அவன் இருந்தான்.

தொண்ணூற்று நான்கில் ஒரு சின்னக் கம்பெனி இந்தத் தட்டைச் சிடியாகப் போட முன்வந்தது. எஜீதியோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்டுடியோவுக்குப் போனார். திரும்பி வந்தவர் பொருமிக்கொண்டே இருந்தார்.

"மெஷின்ல உட்கார்ந்திருந்த ஆள் கேக்குறான், நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்தா, நாப்பத்தஞ்சு சுத்தான்னு! சின்னத் தட்டுக்குத்தானே நாப்பத்தஞ்சு? இவ்ளோ பெரிய தட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்ன கேள்வி இது?"

"கேட்டா கேட்டுட்டுப் போறான். விடேன்."

"விடுறதா? நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான் என்கிட்ட."

சிடியோடு வரும் சிறு புத்தகத்தில் அவனைப் பற்றி எஜீதியோவே எழுதினார். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு அழுத மனுஷன் இப்படி எழுதுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஐம்பது தாண்டிய ஆள், காலி வீடு, சாப்பிடாமல் ஆறிப்போன சூப், அந்த விம்மல்.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஐந்நூறு சிடி அட்டைப்பெட்டிகளில் சுவரோரம் அடுக்கியிருந்தது. ஃபொகாச்சா ரொட்டி, வெள்ளை ஒயின், கூடம் நிறைய ஆட்கள். சிடியை விற்பதற்கு முன்னால் மூலத்தட்டையே ஒரு தடவை கேட்கலாம் என்றார் ஃபூரியோ. திரையை இழுத்துவிட்டார்கள். எஜீதியோ ஊசியை வைத்தார்.

பாதியில் கதவு திறந்தது. குள்ளமாக, முடிக்குச் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பெண் உள்ளே வந்து நின்றாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏங்க, இது ஏன் இவ்ளோ மெதுவா ஓடுது?"

கூடமே ஒன்றாக "உஷ்ஷ்" என்றது. கோயிலில் செருப்போடு வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்கு அடக்குறீங்க? பாடுறதே நான்தாங்க!"

யாரோ விளக்கைப் போட்டார்கள். எஜீதியோ நடுப்பாட்டில் ஊசியைத் தூக்கினார். எத்தனையோ வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, இது ஆம்பளைக் குரல்" என்றார் ஃபூரியோ, மருந்துக்கடையில் தவறான சீட்டோடு வந்தவர்களிடம் பேசும் அதே தன்மையோடு.

"ஆம்பளையா? எனக்கு அப்போ பத்தொம்பது வயசு! பேரு நீவெஸ். சவோனாவுல முடி அலங்காரக் கடை வெச்சிருக்கேன். பேப்பர்ல நான் வரைஞ்ச கோழி வந்திருக்குன்னு ரயிலைப் பிடிச்சு ஓடி வரேன். மெதுவா ஓடுனா எந்தக் குரலும் கனத்துத்தான் கேக்கும். நாப்பத்தஞ்சுல போடுங்க. எங்ககிட்ட இருந்ததே கொஞ்சம் பாட்டு. சத்தம் நல்லா இருக்கும்னு பெரிய தட்டுலயே நாப்பத்தஞ்சுக்கு அடிச்சோம்."

எஜீதியோவின் கை வேகத்தை மாற்றும் நெம்புகோல் பக்கம் போகவில்லை. ஃபூரியோதான் தட்டிவிட்டார். அந்தக் கனத்த மனிதன் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெண் துள்ளித் துள்ளிப் பாடிக்கொண்டிருந்தாள். மேளம் அவளுக்குப் பின்னாலேயே குதித்துக்கொண்டு வந்தது. அந்த விம்மல் வரும் இடம் வந்தது. விம்மல் இல்லை. களுக்கென்று ஒரு சிரிப்பு.

"அங்கதான் சிரிச்சுத் தொலைச்சேன். ட்ரம்ஸ் அடிச்ச பையன் மூஞ்சியைக் கோணிக் காட்டுனான்" என்றாள் நீவெஸ்.

ஒருவர் நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார். ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். சில பேர் அவளைக் கோபமாகப் பார்த்தார்கள், அவள் ஏதோ களவு செய்துவிட்ட மாதிரி. ஃபூரியோ எஜீதியோவின் காதருகே குனிந்தார்.

"சிடி தப்பானது ஸ்டுடியோக்காரனாலன்னு சொல்லிடுடா. எவனுக்குத் தெரியப்போவுது?"

எஜீதியோ தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த மன்றத்தில் அவருக்கு இருந்த மரியாதை அந்தத் தட்டு ஒன்றுதான்.

"ஸ்டுடியோக்காரர் கேட்டாரு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் அவரைத் திட்டுனேன். இத்தனை வருஷமா உங்க எல்லாரையும் தப்பாக் கேக்க வெச்சதும் நான்தான். அந்தப் பெட்டிங்களைத் திருப்பி அனுப்பிடுங்க."

அதற்குள் நீவெஸ் ஒரு சிடியைப் பிரித்துப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு நின்றது.

"நான் ஒருத்தி வராமலே இருந்திருக்கலாம்" என்றாள் எஜீதியோவிடம். "இதுல இருக்கிறவரு உங்களுக்கு ரொம்ப வேண்டியவரு போல."

எஜீதியோ அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தட்டை உறைக்குள் வைத்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையில் தட்டை எடுத்து, பழையபடி முப்பத்து மூன்றில் போட்டார். அவன் வந்தான். அதே கனம், அதே முனகல். விம்மல் வந்தது. இப்போது எனக்கே அதில் சிரிப்புதான் கேட்டது. எஜீதியோ ஊசியைத் தூக்கிவிட்டார். வெகு நேரம் கழித்து வேகத்தை மாற்றி, முதலிலிருந்து முழுவதும் கேட்டார். அந்தப் பெண் வீடு முழுக்கத் துள்ளிப் பாடினாள்.

நான் பொறாமைப்பட்ட ஆள் தொலைந்துபோனான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நல்ல பொண்ணாத்தான் இருக்கா மிரெல்லா" என்றார். "ஆனா அவன்கிட்ட மாதிரி அவகிட்ட நான் மனசைத் திறந்து எதையும் சொன்னதே இல்லையே."