சோஸினின் ஒரு கிள்ளு

கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து உறைந்த பாலுக்குள் இறங்கும். ஒரு கிள்ளு நாக்குக்கு ஏறும். கண் மூடும். அவ்வளவுதான், எந்த ஆட்டின் பால், அது எந்தச் சரிவில் மேய்ந்தது, முந்தின நாள் எந்தக் கடாவோடு கோபித்துக்கொண்டது எல்லாவற்றையும் சோஸின் சொல்லிவிடுவாள். கடா விஷயம் சற்று மிகைதான். சரிவு வரைக்கும் சத்தியம்.

வான் என்ற ஏரிக்கு மேலே எங்கள் மலைகளில் பாலாடைக்கட்டி செய்யாத வீடு கிடையாது. பச்சைப்பாலை உறையவிட்டு, காட்டுப்பூண்டும் உப்பும் பிசைந்து, மண்குடத்தில் அடைத்துக் குழியில் புதைப்போம். பனிக்காலத்தில் தோண்டுவோம். உப்புநீரின் பதம் பார்க்க மற்ற பெண்கள் அதில் முட்டையை மிதக்கவிடுவார்கள். சோஸினுக்கு அந்த முட்டையைக் கண்டாலே இளக்காரம். "கோழிக்கே உப்புன்னா என்னன்னு தெரியாது. அது போட்டதுக்கு என்ன தெரியும்?"

ஐம்பதைத் தாண்டியவள். அகன்ற தோள், அதைவிட அகன்ற வாய். கணவர் தேமோவைச் 'சுவரே' என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவர் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தேநீர்க் குவளையின் அடிகூட நனையாது. சோஸின் சத்தம் போட ஆரம்பித்தால் அவர் எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுப்பார், அதுவே பதில்.

போன வசந்தத்தில் பல ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்டன. காற்று சரியில்லை என்றார்கள். கோடை முழுக்க சோஸினுக்கு மாலையானால் காய்ச்சல். விடிந்தால் படுக்கை வேர்வையில் ஊறிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் வலி இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குடம் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

வைத்தியம் தொடங்கியது. அப்போதுதான் உரித்த ஆட்டுத்தோலைச் சூட்டோடு முதுகில் சுற்றினார்கள். எலும்பு வைத்தியர் முழங்காலை வைத்து அழுத்தினார். அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கிராமத்து நாய்களும் குரைத்தன. அக்கம்பக்கத்துப் பெண்களோ அன்பைத் தட்டில் ஏந்தி வந்தார்கள். பச்சைப்பால், அன்று உறைந்த புதுக்கட்டி. "முதுகுக்கு பலம் சோஸின் அக்கா, சாப்பிடு." அவளும் மறுக்காமல் சாப்பிட்டாள். நோய்க்கு இவ்வளவு மரியாதையாக யாரும் விருந்து வைத்ததில்லை.

கால்கள் மரத்துப்போய், தேமோ தோளில் தொங்கிக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்குப் போனபோது, இளம் மருத்துவர் ஸ்கேன் படத்தை விளக்கொளியில் மாட்டினார்.

"ஆட்டுலேர்ந்து வர்ற கிருமிம்மா. காய்ச்சலோட நிக்காம முதுகெலும்புக்குப் போயிடுச்சு. இதோ, கட்டி."

சோஸின் படத்தை உற்றுப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் பால்கட்டி போட்டவளுக்கு உள்ளேயே ஆண்டவன் ஒண்ணு போட்டுட்டானா? உப்பு சரியா இருக்கான்னு பாருங்க."

மருத்துவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "மாசக்கணக்கா உப்புல புதைஞ்சு கிடக்கிறதுல கிருமி பெரும்பாலும் செத்துப்போகும். உங்களைப் படுக்கவச்சது, ருசி பார்ப்பேன்னு சொன்னீங்களே, அந்தப் பச்சைக் கிள்ளுதான். மருந்துல இது ஆறும். மறுபடி பச்சையைத் தொட்டு நாக்குல வச்சீங்கன்னா, அடுத்த தடவை கால் திரும்பி வருமான்னு என்னால சொல்ல முடியாது."

பனிக்காலம் முழுக்க இடுப்பில் கெட்டிப் பட்டை, மல்லாந்த படுக்கை, ஊசி, மாத்திரை. மாத்திரைகளில் ஒன்று உடம்பிலிருந்து வரும் நீரையெல்லாம் ஆரஞ்சு நிறமாக்கிவிடும். சிறுநீர், வேர்வை, கண்ணீர் எதுவும் தப்பாது. "என்னைப் பிழிஞ்சா கம்பளிக்குச் சாயம் போடலாம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆனால் வந்தவர்கள் போனதும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். நாக்கை விடுவதா, கால்களை விடுவதா? காய்ச்சிய பாலை எங்கள் பக்கம் 'செத்த பால்' என்பார்கள். சோஸினும் அப்படித்தான் சொல்லி வந்தவள், எல்லோரையும்விட உரக்க.

இந்த வசந்தத்தில் பால் கறக்கும் மேட்டுக்கு அவள் தன் காலிலேயே ஏறி வந்தாள், மெதுவாக, பட்டையோடு. அடுப்பு மூட்டச் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால் பொங்கியது, ஆறியது, உறைந்தது. இரண்டு விரல்கள் இறங்கின. கண் மூடியது.

"உப்பு சரி" என்றாள்.

"எந்தச் சரிவுப் பால் அக்கா?" பக்கத்து வீட்டு நாஸே கேட்டாள்.

சோஸின் இன்னொரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். "வெந்நீர்ச் சரிவு."

எல்லோரும் சிரித்தார்கள். நாஸே விடவில்லை. "செத்த பாலுக்கு உப்பு எதுக்கு? பக்கத்துல உக்காந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா போதுமே."

"கண்ணீரா? முதுகுல ஆணி அடிச்ச மாதிரி கெடந்தப்பவே இந்தக் கண்ணு ஒரு சொட்டு விடல. வேணும்னா சுவரைக் கேளு."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த தேமோ கெண்டியைக் கீழே வைத்தார். மேல்கோட்டின் ஒரு கையைக் கழற்றி, வெள்ளைச் சட்டையின் இடது தோளை நாஸே பக்கம் திருப்பினார். எத்தனை முறை துவைத்தும் போகாத ஆரஞ்சுக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

"வலிக்கு அழல" என்றார். "பாலைக் காய்ச்சறேன்னு ஒத்துக்கிட்ட அன்னிக்கு."