இஸ்ரவேல் அண்ணே சைக்கிளில் வந்தால்

இஸ்ரவேல் அண்ணே போய்விட்டார்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சர்ச் மணி... ஒன்று. கொஞ்சம் விட்டு, இன்னொன்று. துக்க மணி. வாயில் நுரையோடு வாசலுக்கு வந்தால் தெருவே வெளியே நிற்கிறது. "யாருப்பா?" "யாரும்மா?" யாருக்கும் தெரியவில்லை.

பிறகுதான் ஒருத்தர் கேட்டார். "இது இஸ்ரவேல் அடிக்கிற மாதிரி இல்லையே... அவரு எங்க?"

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் சர்ச்சுக்கு ஓடினேன்.

பசுமலையில் எங்கள் சர்ச்சுக்கு மணி அடித்தவர். பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, கல்லறைத் தோட்டத்துச் சாவி வைத்திருப்பது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை லேட்டாகப் போனால் கேட்டிலேயே மடக்குவார். "வா மாப்ள. ஆண்டவரு இம்புட்டு நேரம் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு. இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு."

சிரிக்காமல் சொல்வார், பாவி மனுஷன்.

கொரோனா வந்த வருஷம்... அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

ஆராதனை கூடாது, கூட்டம் கூடாது, சர்ச்சைப் பூட்டுங்கள் என்றார்கள். பூட்டினோம். அந்தச் சமயம் பார்த்து ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் இறந்துபோனார். இஸ்ரவேல் அண்ணே பழக்கத்தில் போய்த் துக்க மணி அடித்துவிட்டார்.

துக்க மணி கேட்டால் எங்கள் ஜனம் அடுப்பை அணைத்துவிட்டு சர்ச் காம்பவுண்டுக்குப் போய் யாரென்று கேட்கும். அன்றைக்கும் போனது. அப்பாவும் போனார். அம்மா கத்தக் கத்த, "கேட்டுட்டு வந்துர்றேன்டி" என்று மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார், கூட ஒரு போலீஸ்காரர். கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். "சர்ச்சைப் பூட்டிட்டு மணிய அடிச்சா என்ன அர்த்தம்? இனிமே மணியும் கூடாது. மீறுனா கேஸுதான்." கெட்டவர் இல்லை. அவரும் தூங்கிப் பல நாள் ஆனவர் மாதிரிதான் இருந்தார்.

மணி நின்றது. சாவு நிற்கவில்லை.

வாட்ஸ்அப்பை யாரும் நம்பவில்லை. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவருக்கு எல்லாரும் ஆர்ஐபி போட்டு முடித்த பிறகு அவரே வந்து குட்மார்னிங் போட்டார். அதனால் எங்கள் சர்ச் ஆயர் போலீஸில் பாஸ் வாங்கிக் கொடுத்து இஸ்ரவேல் அண்ணனை அனுப்பினார். சைக்கிளில் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, "இன்னார் தவறிட்டாங்க, யாரும் வராதீங்க, வீட்டுலயே ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

செயின் கவர் லொடலொடவென்று ஆடும் சைக்கிள். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டால் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துவார்கள். முன்பெல்லாம் அவரை டீ குடிக்கக் கூப்பிட்ட வீடுகள்தான். "எமனுக்கு எருமை, நமக்கு இந்த சைக்கிளு" என்றார் எங்கள் தெரு ஆட்டோக்காரர். யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். எங்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். எதிர்வீட்டு ரூத் அக்கா வாசலிலும் தகரம். அவர் வீட்டுக்காரரும் அன்று மணி கேட்டுப் போனவர்தான். அதே ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா நம்பர்தான் கொடுத்திருந்தோம். அவருக்கு நெஞ்சில் தைரியம் பத்தாது. ஏதாவது ஒன்று என்றால் எங்களிடம் சொல்ல மாட்டார், ஆயரிடம்தான் சொல்வார். அது அம்மாவுக்குத் தெரியும். அதனால் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் கண்ணை வைத்துத் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இஸ்ரவேல் அண்ணே தினமும் போன் பண்ணுவார். "அப்பா எப்படி இருக்காரு தம்பி?" மாப்ள என்று கூப்பிடுவதை விட்டுவிட்டிருந்தார். ஒருநாள் மட்டும், "அன்னைக்கு நான் மணியத் தொட்டுருக்கவே கூடாது தம்பி" என்றார். 

அம்மா பயப்படுகிறார் என்று அவர் எங்கள் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனார் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு சாயங்காலம்... லொடலொட.

தெருவுக்குள் திரும்பிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "வராதீங்கண்ணே... வராதீங்கண்ணே..."

எங்கள் வாசலில் வந்து நின்றது. இறங்கினார். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. ஸ்டாண்டு போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்த் தகரத்தைத் தட்டினார். "ரூத்தம்மா..."

அம்மா சத்தமாகவே சொல்லிவிட்டார். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஸ்தோத்திரம்!"

எதிர்த் தகரத்துக்கு மேலே ரூத் அக்கா முகம் தெரிந்தது. அவர் இஸ்ரவேல் அண்ணனைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்தார். அம்மா போட்ட சத்தத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அப்பா பிழைத்து வந்தார். சர்ச்சும் திறந்தார்கள். ரூத் அக்கா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மேலூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா அப்படிக் கத்திய அன்றோடு இஸ்ரவேல் அண்ணன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவர் கேட்டில் நின்றால் இவர் பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே போவார். அவரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் தெருவில் வரும்போது மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, செயின் கவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே உருட்டிக்கொண்டு போவார். சத்தம் கேட்கக் கூடாதாம். இத்தனை வருஷமும் அப்படித்தான்.

நேற்றும் அப்படித்தான் போனார். மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம்... கூப்பிடவில்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

மூன்று மணிக்கு சர்ச்சில் ஆராதனை. அப்புறம் கல்லறைத் தோட்டம். பெட்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகும்.

அம்மா இப்போதே கேட்டை விரியத் திறந்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "வெயில் அடிக்குதும்மா, உள்ள வாங்க" என்று சாத்தப் போனேன்.

"தொடாதடா. நான் அவரு மொகத்தப் பாக்கணும்."

வாங்கண்ணே... கேட் திறந்துதான் கிடக்கு.