கிட்டார் இசைக்கு அடியில்

வாசகரே, விவாத மேடையில் நான் முதலில் நடுவரைத்தான் விளிப்பேன். இந்த விடயத்தில் நடுவர் தேவையில்லை. தீர்ப்பு என்னிடமே இருக்கிறது. இங்கே சொல்வதில் ஒரு சொல்லையும் நான் பின்னர் மாற்றிக்கொள்ளாதபடி, நீங்கள் சாட்சியாக இருங்கள்.

அப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கிக் கண்டியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பன்விலவில் தோட்டத் தொழிலாளி. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. விவாத இறுதிப் போட்டி அடுத்த சனிக்கிழமை. எங்கள் அணியின் தலைவன் நான்.

யாருக்கும் தெரியாத ஒரு குறை எனக்கிருந்தது: மேடையேறுமுன் மூச்சு இறுகிவிடும். ஒரு பிற்பகல் சலூனில் முடி வெட்டக் காத்திருந்தபோது, வானொலியில் இரு நிகழ்ச்சிகளுக்கு நடுவே சிறிது நேரம் கிட்டார் ஒலித்தது. தனிக் கிட்டார், மெதுவாக, யாரையும் எதற்கும் அழைக்காத வாசிப்பு. என் மூச்சு தானாக இறங்கி ஒழுங்கானது. அதைப் போன்ற ஒன்றைத் தேடிப் பிடிப்பதென்று முடிவு செய்தேன். பாடுபவர் இருக்கக் கூடாது. சொல் காதில் விழுந்தால் அதை மறுத்துப் பேச என் மனம் எழுந்துவிடும்.

சந்தைப் பக்கத்துக் கடைகளிலெல்லாம் சினிமாப் பாட்டுத்தான். கடைசியாக, குட்ஷெட் பஸ் நிலையத்தருகே பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் மடவளை ஊர் முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் அவரை 'நானா' என்றே அழைப்போம்.

"பாட்டுப் படிக்க ஆளில்லாத பாட்டா? என்ன தம்பி, படிக்கிறவனோட கோவமா?"

"கிட்டார் மட்டும் போதும், நானா. சத்தம் கூடாது."

"சத்தமில்லாத பாட்டுண்டா வெறுங் கெசட்ட வாங்கிட்டுப் போங்களே." சிரித்துவிட்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்துத் தூசி தட்டினார். "தோட்டத்துத் தொர ஒருத்தர் வித்துட்டுப் போனது. ஆரும் கேக்கிறல்ல. கெசட் கொண்டாங்க, பதிஞ்சி தாறன்."

என்னிடம் இரண்டு ஒலிநாடாக்கள் இருந்தன. ஒன்றில், முந்திய ஆண்டு பரிசு வென்ற என் பேச்சு. மற்றது அம்மாவுடையது. அம்மாவுக்கு எழுத வராது. சொல்ல வேண்டியதை ஒலிநாடாவில் பேசி, ஊருக்குத் திரும்பும் பெண்களிடம் கொடுத்தனுப்புவாள். அதைக் கேட்க ஒரு சிறிய டேப்பும் எனக்கு அனுப்பியிருந்தாள். கேட்டுவிட்டு அப்பாவிடம் போய்ச் சொல்வது என் பொறுப்பு. இந்த நாடாவிலும் முதற் பக்கத்தில், என் பேச்சுத் திறமையை அவள் புகழ்ந்த இடம்வரை கேட்டிருந்தேன். பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் அங்கே நிறுத்தினேன். மறுநாள் பன்விலவுக்குப் போய், "அம்மா சுகமாக இருக்கிறாள்" என்பதைக் கையசைவுகளோடு விரித்துரைத்தேன். அப்பா அதைத் தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுவதும் சொல்லி மகிழ்ந்தார்.

என் பேச்சை அழிக்க மனம் வரவில்லை. அம்மாவின் நாடாவில் மறுபக்கம் வெறுமையாக இருக்கும் என்று எண்ணினேன். போட்டுப் பார்க்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பிற்பகல். மகாவலி ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் யன்னலை அடைத்திருந்தது. கட்டிலில் சாய்ந்து பொத்தானை அழுத்தினேன். நான் தேடிய அதே இசை. மூச்சு இறங்கியது; கண்கள் செருகின. முதல் வாசிப்பு முடிந்தது. நாடா இழையும் இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

"...கேக்குதா, சாமி?"

உடனே அடுத்த கிட்டார் தொடங்கியது. கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தேன். தாழிட்டபடியே இருந்தது. என்னைச் 'சாமி' என்று அழைப்பவள் அம்மா மட்டுமே; அவள் என் தலைமாட்டில் நின்று கேட்டது போலிருந்தது. இரண்டாவது வாசிப்பு முடியும்வரை அசையாமல் கிடந்தேன்.

"...வெளியால பூட்டிட்டுத்தான் போறாங்க..."

மறுபடி கிட்டார். அத்தனை இதமான இசைக்கு என் முதுகு சில்லிட்டது. மூன்றாவது இடைவெளியில் சாவி திரும்பும் ஓசை. பிறகு, "இரு, வந்துட்டாங்க" என்ற கிசுகிசுப்பு. நான்காவதில் அவள் குரல் தேய்ந்திருந்தது.

"...அப்பாகிட்ட நீதான் சொல்லணும். நீதான் நல்லா பேசுவியே."

ஐந்தாவது வாசிப்பு நாடாவின் நுனிவரை ஓடி நின்றது. முதற் பக்கத்தைப் போட்டு, நான் நிறுத்திய இடத்துக்கு அப்பால் கேட்டேன். "மிச்சத்த மத்தப் பக்கத்துல சொல்றேன், சாமி. மொதல்ல நீ மட்டும் கேளு" என்று இருந்தது.

கடைக்கு ஓடினேன். கேட்டதைச் சொன்னதும் கடைக்காரரின் முகம் மாறியது. "தட்டுல ஒரு வாசிப்பு முடிஞ்சா பதியிறத நிப்பாட்டி, கெசட்ட மட்டும் கொஞ்சம் ஓட உடுவன், தம்பி. அந்த எடத்துல பழசு நிண்டிருக்கு. ஒரு பொம்புளட சத்தம் எனக்கும் கேட்டிச்சி. பஸ் ஸ்டாண்ட்ல ஆரோண்டு நெனச்சன்."

"மற்றதை எடுக்க முடியாதா, நானா?"

"அழிஞ்சிட்டு, மகன்."

அன்று மாலையே டேப்பைத் தூக்கிக்கொண்டு பன்வில பஸ்ஸில் ஏறினேன். வழிநெடுக முன்னுரை ஒன்றைத் தயாரித்தேன். அப்பாவின் முன் ஒரு வரியும் வரவில்லை. பொத்தானை அழுத்தினேன். அவர் நான்கு இடங்களையும் கேட்டார். பிறகு குனிந்து, கிட்டார் ஒலிக்கும்போதே டேப்பில் காதை ஒட்டவைத்தார்.

"இந்தப் பாட்டுக்கு அடியில அவ இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காளா?"

"இல்லப்பா. அழிஞ்சிருச்சி."

"அவ சொகமா இருக்கான்னு நீதானடா சொன்ன?"

"முழுசா கேக்கலப்பா."

அவர் காதை எடுக்கவில்லை. "திரும்பப் போடு. என்னமோ கேக்குது" என்றார். ஏழு தடவை போட்டேன். ஏழாவது தடவை எனக்கும் கேட்டது. கிட்டார் தந்திகளுக்குக் கீழே, வாயை மூடிக்கொண்டு ஒருத்தி பேசுவது போன்ற முனகல். அது நாடாவின் இரைச்சல் என்று இன்று என்னால் வாதிட முடியும். அந்த வாதத்தை நானே நம்பமாட்டேன்.

தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து ஒரு பெண் அடுத்த வாரம் குவைத்துக்குப் புறப்படப் போவதாக அப்பா அப்போதே சொன்னார். அவளிடம் அம்மாவுக்குக் கொடுத்தனுப்ப, பையிலிருந்து என் பேச்சு நாடாவை எடுத்துப் போட்டேன். அதன் தொடக்கத்துக் கைதட்டலைக் கொஞ்சம் ஓடவிட்டு, பின்னுக்குச் சுற்றி, பதியும் பொத்தானை அழுத்தினேன். மேடைக் குரல் வரவில்லை. அப்பா கேட்டுக்கொண்டிருக்க, வந்த குரலில் சொன்னேன்:

"அம்மா, நீ சொன்னத நான் முழுசா கேக்கல. ஒன் பேச்சுக்கு மேல பாட்டப் பதிஞ்சிட்டேன். நாளைக்குக் காலையில அப்பாவும் நானும் ஒன்ன அனுப்பின ஏஜென்சிக்குப் போறோம். நீ வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கத்துல பேசினத எனக்கு நேர்ல சொல்லி முடிக்கிற வரைக்கும், சனிக்கிழமைப் போட்டியில மட்டுமில்ல, எந்த மேடையிலயும் நான் வாயத் திறக்கமாட்டேன்."