லாந்தர் வண்டியும் கருவாட்டுக் கூடையும்

உலகத்திலேயே விலை உயர்ந்த கார்களில் ஒன்றை நான் ஓட்டியிருக்கிறேன். ஒன்றிரண்டு இல்லை, சில நூறு இருக்கும். ஆனால் ஒன்றைக்கூட ஒரு கிலோமீட்டர் தாண்டி ஓட்டியதில்லை. இருபதுக்கு மேல் வேகம் மிதித்ததும் இல்லை. கப்பலின் வயிற்றிலிருந்து வண்டியை எடுத்து, இரும்புச் சரிவில் இறக்கி, எண்ணூர்த் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் யார்டில் வரிசையாக நிறுத்த வேண்டும். அதுதான் வேலை. நிறுத்தியதும் எங்கள் கேங்கில் பத்துப் பேரையும் கதவு சரியாகச் சாத்தாத பழைய வேன் ஒன்றில் அடைத்து, மறுபடி கப்பலுக்குக் கொண்டு போவார்கள். வரும்போது ராஜா, போகும்போது ஆடு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

வண்டியின் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையாது. அதன் முன்பக்கம் வெள்ளியில் ஒரு குட்டி விளக்கு நிற்கும், அந்தக் காலத்துக் குதிரை வண்டியில் தொங்குமே, அது மாதிரி. அதனால் எங்களுக்கு அது லாந்தர் வண்டி. எர்ணாவூர் டீக்கடையில் அதைப்பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். வாங்கப் பணம் இருந்தால் மட்டும் போதாதாம், கம்பெனிக்காரன் ஆளைப் பார்த்துப் பிடித்தால்தான் கொடுப்பானாம். சாத்தாங்காட்டில் பழைய இரும்பு எடுக்கும் ஒருவர், எல்லா வண்டியும் ஒருநாள் தன்னிடம் உடைபட வந்தே தீரும், லாந்தர் வண்டி மட்டும் வந்ததே இல்லை என்பார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். பார்க்காத பொருளுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வரும். அதே வண்டியை நான் தொட்டு ஓட்டுகிறேன் என்று சொன்னால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேங்கில் சேர்த்த அன்று எங்களை உட்காரவைத்து, பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி ஆள் ஒருவர் அந்த வண்டியின் சரித்திரத்தைத் திரையில் படம் போட்டுச் சொன்னார். குதிரை வண்டிக் காலத்தில் குளிர் தேசத்து ஊர் ஒன்றில் வண்டிப் பட்டறை வைத்திருந்தவர்தான் கம்பெனியை ஆரம்பித்தவராம். அந்த ஊர்ச் சீமாட்டி ஒருத்தி மீன் மார்க்கெட் வழியாகப் போகும்போதெல்லாம் நாற்றம் தாங்காமல் மயங்கி விழுவாளாம். அவளுக்காக அவர் கம்பளித் துணியை மூன்று மடிப்பு வைத்துக் கதவு செய்தார். அதே மார்க்கெட் வழியாக அவளைக் கூட்டிப்போனார். மார்க்கெட்டைத் தாண்டி ரொம்ப நேரம் ஆன பிறகு அந்த அம்மாள், "மார்க்கெட் எப்போது வரும்?" என்று கேட்டாளாம். அன்றைக்கு எடுத்த பேர்தான் இன்றைக்கும். குதிரை போய் இஞ்சின் வந்தது, ராஜாக்கள் போய் முதலாளிகள் வந்தார்கள், கதவு மட்டும் மாறவில்லை. 'தெரு உள்ளே வராது' என்பதுதான் கம்பெனியின் வாக்கு.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. நான் மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவன். சுனாமி அலை குப்பத்தை அடித்துக்கொண்டு போன பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். என் மனைவி திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கருவாடு விற்பவள், அவளுடைய அம்மா உட்கார்ந்த அதே இடத்தில். இவ்வளவு பெரிய கம்பெனியின் பெருமை முழுக்க ஒரு மீன் மார்க்கெட்டைப் பார்த்துப் பயந்து ஓடியதில்தான் ஆரம்பிக்கிறது என்றால் எனக்குக் கோபம் வராதா?

வீட்டுக்கு வந்து அந்தக் கதையையும் வாக்கையும் சொன்னேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அய்ய, அம்மாந்தூரம் மீன் மார்க்கெட்டுல போனவ ஒரு சங்கரா மீன் கூட வாங்கலியா? அப்ப வூட்ல இன்னாத்த ஆக்குனா?" என்று கேட்டாள்.

இருந்தாலும் என் வேலைக்கு அவள் காட்டிய அக்கறை கொஞ்சமில்லை. கம்பெனிச் சட்டப்படி மோதிரம், வாட்ச், பெல்ட் எதுவும் கூடாது, கீறல் விழும். கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடுப்பாக அவர்கள் கொடுத்த சாம்பல் நிற ஓவராலில் பட்டன்கூட வெளியே தெரியாமல் துணிக்குள் மறைந்திருக்கும். நெஞ்சில் மட்டும் வெள்ளி நூலில் ஒரு லாந்தர். சென்ட் கூடாது, பீடி கூடாது, எந்த வாசனையும் கூடாது. இதையெல்லாம் கேட்டதும் அவளே ஒரு சட்டம் போட்டாள். கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாளிலிருந்து வீட்டில் மீன் கிடையாது. ஓவரால் எங்கள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் அவள் தங்கச்சி வீட்டு பீரோவில் இருக்கும். விடிந்ததும் நான் அங்கே போய்க் குளித்து, மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எர்ணாவூரிலிருந்து வடக்கே இருக்கும் எண்ணூருக்கு, தெற்கே இருக்கும் வியாசர்பாடி வழியாகப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்து வந்தால் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். லாந்தர் வண்டித் தோல் சீட்டின் வாசனை கையில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

"புது செருப்புக் கடை மாரி கீது" என்பாள். "ஆனா நல்லாத்தான்யா கீது."

அந்த வண்டியை எனக்கும் பிடித்துப்போனது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வண்டி. ஸ்டியரிங்கை விரலால் தொட்டால் திரும்பும். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி நம்மை வாங்கிக்கொள்ளும் சீட்டு. கதவைச் சாத்தினால் சத்தமே வராது, வெளிச்சத்தம் அப்படியே அறுந்துவிடும்.

அதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. பிறந்ததிலிருந்து கடல் இரைச்சல் இல்லாமல் நான் ஒரு நிமிஷம் இருந்ததில்லை. லாந்தர் வண்டிக்குள் முதல்தடவை உட்கார்ந்தபோது காது அடைத்துவிட்டதென்று பயந்தே போனேன். யார்டுக்குத் திரும்பும் வளைவில் மதில் தாழ்ந்திருக்கும், அந்தப் பக்கம் கடல். கண்ணுக்கு முன்னால் அலை எழும்பி விழுகிறது, ஒரு சத்தமும் இல்லை. செத்துப்போன கடல் மாதிரி இருந்தது. என்னையறியாமல் பட்டனை அழுத்திக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டேன். சத்தம் வந்தது. மூச்சும் வந்தது. உடனே ஏற்றிவிட்டேன். கண்ணாடியை இறக்கக் கூடாது என்பது கம்பெனியின் முதல் சட்டம். ஆனால் அதற்குப் பிறகு எந்த லாந்தர் வண்டியிலும் அந்த வளைவில் நான் கண்ணாடியை இறக்காமல் போனதில்லை. யாருக்கும் தெரியாது. கடல் காற்றில் என்ன கெட்டுவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு தை மாதத்தில் கப்பல் வந்தது. இறக்கி முடித்ததும் வண்டிகளைச் சோதிக்கக் கம்பெனி இளைஞர் ஒருவர் வருவார். ஒவ்வொரு வண்டியாகக் கதவைத் திறந்து தலையை நீட்டி முகர்ந்து பார்ப்பதும் அவர் வேலையில் சேர்த்தி, அதனால் அவருக்கு மூக்கு சார் என்று பெயர் வைத்திருந்தோம். அன்றைக்கு ஒரு வண்டியில் தலையை நீட்டியவர் சட்டென்று பின்வாங்கினார். இன்னும் நாலு வண்டி தள்ளி ஒன்றில் அதே மாதிரி. கடைசி வரிசையிலும் ஒன்று. "மீன் வாடை" என்றார். சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்தார். மூன்றும் நான் ஓட்டியவை. அன்றைக்கு எனக்கு வந்ததும் அந்த மூன்றுதான்.

எல்லார் கண்ணும் என் மேல். என் கூட்டாளி ஒருவன் காதோரம் வந்து, "மாமு, காலைல இன்னா துன்ன?" என்றான்.

"இட்லிடா."

அவன்கூட நம்பவில்லை. கருவாட்டுக்காரி புருஷன் இட்லி சாப்பிட்டால் மட்டும் வாடை போய்விடுமா என்கிற மாதிரிப் பார்த்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். அதை வீடுவரை அடக்கிக் கொண்டுவந்து அவள் தலையில் கொட்டினேன். "உன் கூடையாலதான்மே என் மானமே போச்சு. பத்து தடவ குளிச்சாலும் உன் கருவாடு என்னை வுடாது" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாதாரணமாக நான் ஒன்று சொன்னால் அவள் பத்து சொல்வாள். அன்றைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தாள். அதைப் பார்த்தும் நான் வாயை மூடவில்லை.

மறுநாள் அவள் தேரடிக்குப் போகவில்லை. கூடையில் இருந்த சரக்கை எல்லாம் பக்கத்தில் உட்காரும் அம்மாளிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். கூடையைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்தாள். தலையணை உறையிலிருந்து கால்மிதிவரை சோப்புப் போட்டுத் துவைத்தாள்.

"இன்னாமே, கடைக்குப் போவல?" என்று கேட்டேன்.

"வோணாம். உன் வண்டியே பெர்சா இர்ந்துட்டு போட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தீர்மானித்துவிட்டவள் மாதிரிச் சொன்னாள்.

இரண்டு நாள் வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை வம்புக்கிழுத்து, ஊர்ச் சேதி அத்தனையும் கூடையோடு கொண்டுவருகிறவள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் துறைமுகத்துக்குக் கூப்பிட்டார்கள். வாசலிலிருந்து ஆபீசுக்கு நடந்துதான் போக வேண்டும். வழியில் அந்த வளைவு. என்னையறியாமல் மதிலோரம் நின்றேன். அங்கே காவல் நிற்கும் மதுரைப் பக்கத்து ஆள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படிண்ணே இங்க நிக்கிறீங்க?" என்றார். "வாடைக் காத்து அடிக்க ஆரம்பிச்சதிலருந்து கொடலைப் பெரட்டுது. வாரம் ஒண்ணாச்சு."

அவர் காட்டிய பக்கம் எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு வடக்கே மணலில் வலையை விரித்து, கண்ணுக்கு எட்டியவரை நெத்திலி காயப் போட்டிருந்தார்கள். காற்று அதன் மேல் தவழ்ந்து நேராக என் முகத்தில் அடித்தது. நான் இழுத்து முகர்ந்து பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. காற்று காற்றாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் வாடைக் காற்றுதான். மூன்று வண்டியிலும் இதே இடத்தில் கண்ணாடியை இறக்கியவன் நான்தான். வேறு யாராக இருந்தாலும் அரை நொடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற்றியிருப்பார்கள். எனக்குத்தான் அது வாடையே இல்லையே. என் மூக்கு செய்த வேலைக்கு அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டாள்.

ஆபீசில் சூப்பர்வைசர் நல்ல மனுஷர். என்னை உட்காரச் சொல்லி, டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"பெருசா எதுவும் இல்லீங்க. வீட்டுல கருவாட்டு வியாபாரம் இருந்துச்சு, அதனால வாடை வந்துச்சு, இப்ப நிறுத்தியாச்சுன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா அடுத்த கப்பலுக்கு நீங்க வரலாம்."

பேனாவையும் கொடுத்தார். கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். கூடை ஏற்கனவே பரண்மேல் ஏறிவிட்டது, எழுதியிருப்பதில் பாதி உண்மை என்றுகூட எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்த ஸ்டியரிங் விரலுக்குள் வந்து நின்றது. பொய் சொல்லவில்லை, அந்த வண்டியை விட எனக்கு மனசே இல்லை.

"அவ மேல தப்பு இல்ல சார்" என்றேன். "வளைவுல கண்ணாடிய எறக்குனது நான்தான். எல்லா வண்டியிலயும் எறக்குவேன்."

அவர் நிமிர்ந்தார். "ஏங்க?"

"கடல் சத்தம் கேக்கல சார்."

அவர் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "இந்தக் காரணத்தை நான் கம்பெனிக்கு எழுத முடியாதுங்க. கண்ணாடி இறக்கினீங்கன்னு மட்டும் எழுதறேன். லாந்தர் வண்டி இனிமே கிடையாது. ஏத்துமதிக்குப் போற சின்ன வண்டி கேங்குல போட்டுடறேன்" என்றார். ஓவராலைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டேன். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தருக்குக் கொடுக்க மாட்டார்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எழுந்ததும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல மறுபடி கடை போட்டாங்கன்னா நெத்திலி ஒரு கிலோ சொல்லி வைங்க" என்றார்.

எம்.கே.பி. நகரில் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஓவராலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் வாயைத் திறந்தாள்.

"மூணு நாளு! என் ஆத்தா குந்துன எடத்த வுட்டுட்டு, செவுத்த பாத்துகினு குந்தியிருந்தேன். உனுக்கு காது கேக்கலன்னு நான் கடைய மூடணுமா?"

"தப்புதாமே."

"தப்பாம் தப்பு. ஏறி கூடைய எறக்கு."

இறக்கினேன். மறுநாள் காலையில் கூடையை நானே தலையில் வைத்துத் தேரடிவரை சுமந்தேன். ஊரே பார்த்தது, சிரித்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது. அவள் முன்னால் நடந்துகொண்டே எல்லாரிடமும் என் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள், தெருவுக்குத் தெரு கொஞ்சம் கூட்டி.

இப்போது சின்ன வண்டிகளை ஓட்டுகிறேன். நல்ல வண்டிகள்தான். கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தாலும் வளைவில் கடல் கேட்கும். லாந்தர் கப்பல் வரும் நாட்களில் தூரத்தில் நின்று அந்த வண்டிகள் சத்தமில்லாமல் இறங்கி வருவதைப் பார்ப்பேன். ஆசை விட்டுப்போகவில்லை, போகவும் வேண்டாம்.

போன வாரம் வேலை முடிந்து தேரடிப் பக்கம் போனேன். கூடைமேல் எப்போதும் கிடக்கும் பழைய சாக்கைக் காணோம். அதற்குப் பதில் வழவழவென்று சாம்பல் நிறத் துணி ஒன்று, நாலு பக்கமும் இழுத்து மூடியிருந்தது. என் ஓவரால். கையையும் காலையும் வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளி லாந்தர் மேலே தெரிகிற மாதிரிப் போட்டிருந்தாள்.

நான் முறைத்தேன். அவள் துணியை நீவிவிட்டுச் சொன்னாள்:

"அந்த கம்பெனிக்காரன் சொன்னது நெசந்தான்யா. ஒரு ஈ கூட உள்ள வர்ல."