தோளில் மாட்டிய கூடை

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் போய் நாகலெட்சுமி எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "ஹேண்ட்பேக்கு" எங்கே என்று கேட்டால் லயத்து வரிசை வீட்டு நாய்கூட வழிகாட்டும்.

பட்டம் வைத்தவள் மீனம்மா. பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து டிவிக்காரர்கள் வந்து, ஊருக்கு ஒருத்தியாக நாலு பெண்களைப் பொறுக்கி, "நாலு மின்னல்" என்றொரு பாட்டுக் கோஷ்டியைச் செய்தார்கள். தோட்டத்துப் பங்குக்கு நாகலெட்சுமி. சிரிப்பைக்கூட அவர்களே பிரித்துக் கொடுத்தார்கள். இவளுக்கு வெட்கச் சிரிப்பு. ஒரே ஒரு பாட்டுத்தான் ஓடியது. இறம்பொடை அருவியோரம் எடுத்த அந்தப் பாட்டில், கொழுந்துக் கூடையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுவாள்.

ஊரெல்லாம் கைதட்டியது, தோட்டம் சிரித்தது. கூடைக் கயிறு தலையில் கிடக்க வேண்டியது என்பது அங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கோஷ்டி கலைந்து அவள் மலைக்குத் திரும்பிய முதல் நாளே மீனம்மா இடுப்பை ஒடித்து மூக்கால் பேசினாள்: "மேடம், ஹேண்ட்பேக்க தோள்ல மாட்டுங்க. தலையில போட்டா முடி கலைஞ்சிரும்."

"டைரக்டருதான் அப்படி மாட்டச் சொன்னாருக்கா."

"ஆமா, அவரு சொன்னதும் பொறந்ததுலேருந்து பாத்ததெல்லாம் மறந்துபோச்சாக்கும்."

அதற்குப் பிறகு நாகலெட்சுமி விளக்கம் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டில்கூடப் பாடவுமில்லை.

இப்போது அந்தக் கோஷ்டியைப் பற்றியே ஒரு படம் வந்திருக்கிறது. சின்ன வயதில் "நாலு மின்னல்" பைத்தியமாக இருந்த ஒரு பெண் எடுத்தாளாம். தோட்டத்து மண்டபத்தில் காட்டப் போகிறார்கள்.

"நான் வரல. இத்தன வருஷம் சிரிச்சது போதாதா, திரை கட்டி வேற சிரிக்கணுமா?"

"வீட்டுல இருந்தா மட்டும் சிரிக்க மாட்டாங்களா? வாங்கம்மா," என்றாள் மகள் தனுஷிகா.

திரையில் பாட்டு வந்தது. "வந்துட்டாய்யா ஹேண்ட்பேக்கு," என்றாள் மீனம்மா. மண்டபம் குலுங்கியது. நாகலெட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பாட்டு முடிந்ததும், அன்றைக்கு வெட்டி எறிந்த துண்டுகள் வந்தன. இளம்பெண் நாகலெட்சுமி கயிற்றைத் தலைக்கு ஏற்றுகிறாள். கூலிங் கிளாஸ் போட்ட டைரக்டர் "கட்" என்கிறார். "தங்கச்சி, தோள்ல போடு. முகம் மறையுது." மறுபடி ஆட்டம், மறுபடியும் கயிறு தலைக்கே போகிறது. "கட். சொன்னா வெளங்காதா?"

"சார், தோள்ல போட்டா எங்க ஆளுக சிரிப்பாங்க."

"உங்க ஆளுகளுக்கா பாட்டு எடுக்கிறோம்?"

மீனம்மா எழுந்து திரையை நோக்கிக் கையை நீட்டினாள். "ஏய்யா கூலிங் கிளாஸு, அந்தப் புள்ள சரியாத்தானே போடுது. நீ ஒரு நாளைக்கு தூக்கிப் பாரு அந்தக் கூடைய."

"ஒக்காருங்கக்கா, மறைக்குது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மீனம்மா நாகலெட்சுமியை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத நீ சொல்லவே இல்லியே."

"சொன்னேனேக்கா. மொத நாளே சொன்னேன்."

மறுநாள் மலையில் மீனம்மா கூடையைத் தோளில் மாட்டி, டைரக்டர் குரலில், "தங்கச்சி, முகம் மறையுது," என்றாள். நாகலெட்சுமிதான் முதலில் சிரித்தாள்.

"சரி, அந்தப் பாட்ட எடு ஹேண்ட்பேக்கு."

"இன்னும் அதே பேருதானா?"

"அது பேரு பதியிற செக்ரோல்லயே ஏறிப்போச்சி. இனி மாத்த ஏலாது. நீ பாடு."

நாகலெட்சுமி கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு எடுத்தாள். முதல் அடியில் குரல் கரகரத்தது. இரண்டாவதில் நிரை முழுக்கச் சேர்ந்துகொண்டது. கீழே ரோட்டில் நின்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா நிமிர்ந்து பார்த்தார். ஒரு கையும் கொழுந்தை விடவில்லை. அவர் திரும்பி ரோட்டோடு நடந்தார்.