வாலில் எழுதிய எண்

பெரம்பலூரில் நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், வானில் சாகசம் காட்டி ஓய்வு பெற்ற ஜெட் விமானம் ஒன்று நின்றது. அதைப் பார்க்க ஆண்டிமடத்திலிருந்து ஒருவர் வருவார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. கையைத் துடைத்துக்கொண்டுதான் விமானத்தைத் தொடுவார்.

"வால்ல இந்த நம்பரை எழுதுனது யாரும்மா?"

"நான்தாங்க சார் எழுதச் சொன்னேன். பழைய போட்டோல இருந்துச்சு."

"அந்த நம்பர் விமானம் விழுந்துபோச்சும்மா. பைலட்டும் போயிட்டாரு. அன்னைக்கு செக் பண்ணி அனுப்புனவன் நான். மாத்திடுங்களேன்."

எண், காரணம், ஆகும் நேரம் என்று வரிசையிட்டு கல்லூரி நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அந்த எண்ணோடு அருங்காட்சியக நோட்டீஸ் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள்.

அடுத்த முறை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இறக்கையின் கீழே குனிந்து, ஒவ்வொரு திருகாணியையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அன்னைக்கும் எல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு," என்றார், என்னைக் கேட்பதுபோல.